முகம் காட்டினால் திறக்கும் பூட்டு

பழைய போனில் இருப்பதைப் புதிய போனுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் என் தொழில்; பலர் நினைப்பதுபோல இது கேபிளைக் கொழுவிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிற வேலை இல்லை.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் எங்கள் கடை. மேசைக்குப் பின்னால் இருப்பது ஒரு பொம்பிளை என்பதால், போனைப் பிறர் கையில் கொடுக்கக் கூச்சப்படுகிற பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறவர்கள்தான் இப்போது அதிகம். வெளிநாட்டிலிருந்து யாராவது ஒரு உறவு அனுப்பிவிடும். படங்கள் வரும், நம்பர்கள் வரும். பழைய போனில் ஒவ்வொரு செயலிக்கும் நீங்கள் போட்டுவைத்த பூட்டு மட்டும் கூடவே வராது. போன் மாற்றி அவதிப்பட்டவர்களே, இதை உங்களுக்கு யாராவது முன்கூட்டிச் சொன்னார்களா? அதைச் சொல்லி ஏச்சு வாங்கத்தான் நான் இருக்கிறேன்.

கல்குலேட்டர் ஐயா

அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா. போனை மாற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போனவர், அடுத்த நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார். பழைய போனில் அவர் வைத்திருந்தது கல்குலேட்டர் வேஷம் போட்ட ஒரு செயலி. நான்கு எண்ணை அமத்தினால் உள்ளே ஒளித்துவைத்த படங்கள் திறக்கும். அது எனக்கு எப்படித் தெரியும்? நான் அதை வெறும் கல்குலேட்டர் என்றே நினைத்திருந்தேன்.

நல்ல காலம், பழைய போனை அவர் இன்னும் அழிக்கவில்லை. உள்ளே என்ன என்று நான் ஒருவரிடமும் கேட்பதில்லை. அவரே காட்டினார். தலைக்குக் கறுப்படித்து, கூலிங் கிளாஸ் போட்டு, கடற்கரையில் விதவிதமாக நின்று எடுத்த தன்னுடைய படங்கள். வீட்டில் கண்டால் சிரிப்பார்களாம். எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மாற்றிக் கொடுக்கும்வரை அவர் புதிய போனின் கல்குலேட்டரில் அந்த நான்கு எண்ணையும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னிடம் முறையிட்டார்: “பிள்ளை, இந்தக் கல்குலேட்டர் கணக்கு மட்டும்தானே செய்யுது!”

மகளின் விரல்

சல்லிக் கிராமத்திலிருந்து, கடலுக்குப் போகிற ஒரு அண்ணை வந்தார். கயிறும் உப்புத் தண்ணியும் பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்து, பழைய போன் அவரை ஆளாகவே மதிக்கவில்லை. அதனால் வாட்ஸ்அப்பை மகளின் விரலை வைத்துப் பூட்டியிருந்தார். பின்னேரத்தில் கரைக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொல்வார். போன மாதம் மகள் கல்யாணம் முடித்துக் கிளிவெட்டிக்குப் போய்விட்டாள். விரலும் கூடவே போய்விட்டது.

விரல் இல்லாவிட்டால் அடிக்கிற இரகசிய எண் மகளுக்குத்தான் தெரியும். கேட்டால் சிரிப்பாள் என்று இவர் கேட்கவே இல்லை. நான் அவளுக்குப் போன் எடுத்துக் கேட்டு வாங்கினேன். அவள் சிரிக்கத்தான் செய்தாள். பிறகு மைத்துனர் அனுப்பிய ஐபோனில் அவருடைய முகத்தைப் பதிந்து கொடுத்தேன். வெயிலில் கறுத்த அந்த முகத்தை அது உடனே பிடித்துக்கொண்டது. பூட்டுவார், முகத்தைக் காட்டுவார், திறக்கும், மறுபடி பூட்டுவார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தும் மனுசன் நகரவில்லை. “விரல் தேஞ்சால் என்ன, தங்கச்சி, முகம் என்னோடைதானே இருக்குது.”

மாமிக்கும் ஒரு முகம்

சுகன்யாவுக்குச் சாம்பல்தீவு. புருஷன் கட்டாரில் வேலை. அவன் அனுப்பிய ஐபோனோடு சுகன்யாவும், அவனுடைய அம்மாவான மாமியும் சேர்ந்து வந்தார்கள். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் போன் ஒரு ஆளுடையது இல்லை, வீட்டுடையது. வந்த அன்றே கைக்குக் கை போகும். பூட்டினால், “அப்பிடி என்ன ஒளிக்கிறாய்?” என்று கேள்வி வரும். மாமி கதிரையில் இருந்தபடியே சொன்னார்: “என்ரை முகத்தையும் அதிலை போட்டுவிடுங்கோ பிள்ளை. இவள் குசினியிலை சமைக்கேக்கை எனக்கும் திறக்க வேணும்.” நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி, “ஓம் அம்மா, ரெண்டு முகம் போடலாம். போட்டால் உள்ளுக்கை இருக்கிற பூட்டெல்லாம் உங்களுக்கும் திறக்கும்” என்றேன். சுகன்யாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

மாமிக்குக் கேட்காதபடி மேசைப் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள். புருஷன் வேலையிடத்தில் விழுந்து, கால் முறிந்து, கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் படங்களை அவளுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறான். அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், தாங்கமாட்டா, காட்டிப்போடாதே என்று கெஞ்சியிருக்கிறான். பழைய போனில் படங்கள் இருக்கிற இடத்துக்கே பூட்டுப் போட்டு ஒருமாதிரிச் சமாளித்தாள். இப்போது அதே படங்கள் புதிய போனில் பூட்டில்லாமல் வரிசையாக வந்து நிற்கின்றன. அவசர அவசரமாக அவற்றை மறைத்துவைக்கிற ஆல்பத்துக்குள் தள்ளினேன். ஆனால் அதைத் திறப்பதும் முகம்தான். மாமியின் முகத்தைப் பதிந்தால் மறைத்து என்ன பயன்? பதியமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

சிம்முக்காக அடையாள அட்டையைப் பிரதி எடுக்கச் சுகன்யா பக்கத்துக் கடைக்குப் போனாள். எல்லாத் தெய்வத்தையும் மனதுக்குள் கூப்பிட்டபடி நான் போனை மாமியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் அதைக் கையால் மெல்ல விலக்கினார். “நீங்கள் பூட்டெல்லாம் திறக்குமெண்டு சொல்லேக்கை அவளின்ரை முகம் போன போக்கைக் கண்டனான். முந்தி வீடியோக் கோல் எடுத்தால் மகன் அறை முழுக்க நடந்து நடந்து கதைப்பான். இப்ப கொஞ்ச நாளாய் இருந்த இடத்தை விட்டு அசையிறானில்லை. பெத்தவளுக்கு விளங்காதே?” நான் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தேன். அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவள் பாவம், அவன்ரை சொல்லைக் காப்பாத்துறாள். என்ரை முகம் எடுபடேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ. அது திறக்குமெண்டால், பாக்காமல் இருக்க என்னாலை ஏலாது.”

பூட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு எல்லாம் செய்து கொடுக்கிறேன். பூட்டின் திறப்பைக் கையில் வைத்தும் வேண்டாம் என்கிறவர்களுக்கு எந்தச் செற்றிங்ஸில் போய் எதை அமத்துவது என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.