முழுக்கோடாய் வரைந்த ஓடை

அடுப்பின் புகைக்குழாயைக் கழற்றிக் கரி தட்டியதுதான் நானும் அப்பாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை. நான் ஏணியில் இருந்தேன். அவர் கீழே குழாயைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"ரயில் பாதை போடுற எஞ்சினியராம். ஒரு குழாய நேரா மாட்டத் தெரியல."

"நீங்க ஆடாமப் பிடிங்கப்பா."

அப்பா, லெமுவேல் ஹாஸ்கின்ஸ், ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்தவர். இளம் வயதில் ஒரு படையோடு கான்சாஸுக்கு மேற்கே புல்வெளியை அளக்கப் போனார். வண்டி போக வழி எங்கே, தண்ணீர் எங்கே என்று படம் வரைய வேண்டும். அந்த ஜூனில் நல்ல மழை. ஓர் ஓடையைக் குதிரைகள் வயிறு நனையக் கடந்தன. வழிகாட்டியாக வந்தவர், அந்தப் புல்வெளியின் பூர்வகுடியான பானி இனத்துக்காரர், "இது மழைத் தண்ணி. கோடை முத்துனா மணல்தான்" என்றார்.

அப்பா தலையாட்டினார். ஆனால் படத்தில் அதைக் குறிக்கவில்லை. ராணுவத்தில் அதுதான் வழக்கம்: கண்ணால் கண்டது முழுக்கோடு, காதால் கேட்டது படத்தில் ஏறாது. அவர் கண்டது தண்ணீர்; வற்றாத ஓடையைப் போலவே முழுக்கோடாய் வரைந்தார். படம் மேலதிகாரியின் பெயரில் அச்சாகி, மேற்கே குடியேறப் போகிறவர்களுக்கு விற்றது.

அதை நம்பித்தான் ஹல்டா என்ற பெண்ணின் புருஷன் ஒரு ஆகஸ்டில் குறுக்கு வழியில் வண்டியை விட்டார். ஓடையில் மணல். தண்ணீரில்லாமல் முதலில் மாடுகள் விழுந்தன. பிறகு கைக்குழந்தை. பிறகு அவர். ஹல்டா மட்டும் பிழைத்தார்.

பின்னாளில் நாங்கள் நிலம் வாங்கியபோது பக்கத்து நிலம் அவருடையதாக இருந்தது. ஞாயிறுதோறும் அப்பாவைக் காபிக்குக் கூப்பிடுவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கே வந்து நிற்கும்.

"அந்தப் படத்த வரைஞ்சவன் நாசமாப் போகணும். காபி ஆறுது, லெப்டினன்ட். குடிங்க."

அப்பா குடிப்பார்.

படத்தில் அந்த ஓடையைத் திருத்தச் சொல்லி ராணுவத்துக்கு எழுதினார். மறுபடி அளந்து பார்க்காமல் திருத்த முடியாது என்றார்கள். அவரே கட்டிக் காத்த விதி. அதன்பின் எழுதவில்லை.

அன்று குழாயை மாட்டியதும் கை கழுவிக் கோட்டு மாட்டிக்கொண்டார்.

"ஹல்டாகிட்ட சொல்லப் போறேன்டா. நான்தான்னு."

"இத்தனை வருஷம் கழிச்சா?"

"சொல்லாம அவ காபிய இன்னும் எத்தனை வருஷம் குடிக்கிறது?"

வேலிக் கதவருகே சரிந்தார். நான் ஓடிப்போனபோது மூச்சில்லை.

இங்கே சவத்தைக் குளிப்பாட்டுவது பக்கத்து வீட்டுப் பெண்கள். ஹல்டாதான் வந்தார். முகம் துடைத்து, தலை வாரி, சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டார்.

"இந்தக் காட்டுல எனக்குன்னு இருந்த ஒரே மனுஷன், தம்பி. கோட்டு போட்டுட்டு எங்க கிளம்பினாரு?"

"உங்க வீட்டுக்குத்தான்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே. எதுக்கு?"

நான் அந்தக் கோட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். அது அப்பாவே போய்ச் சொல்ல வேண்டியது; நான் சொல்வதற்கில்லை.