எங்கள் சந்துக்கு வந்த கள்ள அழைப்புகள்

செல்போன் சர்வீஸ் கடைக்கு இரண்டு வகைக் கேஸ் வரும்: தண்ணீரில் விழுந்த போன், பேச்சில் விழுந்த ஆள். போனையாவது கழற்றித் துடைத்துச் சூடு காட்டினால் பாதிக்குப் பாதி பிழைத்துக்கொள்ளும். ஆள் விஷயம் அப்படி இல்லை. கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் செல்வி என்ற என் பெயரிலேயே பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கடல் தண்ணீர் குடித்து வரும் போன்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் சமீபகாலமாக இரண்டாவது வகைக் கேஸ்தான் அதிகம். போன் வைத்திருக்கிற நாம் எல்லோருமே ஒரு தடவையாவது அந்தக் குரலைக் கேட்டுத் தொலைத்தவர்கள்தானே, அதனால் நமக்குள் வெட்கம் எதற்கு, சொல்லிவிடுகிறேன்.

ஸ்பீக்கர் நைனா

என் கடைக்கு நேர் எதிர் வீடு ஏழுமலை நைனாவுடையது. துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருடம் கிரேன் ஓட்டி, போன வருடம் ஓய்வு பெற்றவர். இயந்திரச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. ஆகவே எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். வியாசர்பாடியில் அவர் மகள் என்ன குழம்பு வைத்தாள் என்பது வரை சந்துக்கே தெரியும்.

சந்துக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், இருபது வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டை நைனாவே வாங்கப்போகிறார் என்பது. வீட்டுக்காரர் பிள்ளையோடு பெங்களூருக்குப் போகிறார், விலை படிந்துவிட்டது, அடுத்த மாதம் பத்திரப் பதிவு. ஓய்வுப் பணம் மொத்தமும் அதற்காகவே பாங்கில் இருந்தது. அது போனால் வீடும் போச்சு, மறுபடி சம்பாதிக்கிற வயசும் இல்லை. இதையெல்லாம் அவர் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

வீட்டுக்காரருக்கு அனுப்ப வசதியாக பாங்க் ஆப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்போதே, யார் கேட்டாலும் நம்பர் சொல்லாதீர்கள், யார் சொன்னாலும் பணம் அனுப்பாதீர்கள் என்று பத்து தடவை சொன்னேன். பதினோராவது தடவை சொல்லும்போது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “முப்பது டன்னு பொட்டியத் தலைக்கு மேல தூக்கினு போயி, ஒரு எறும்பு மேலகூட எறக்காதவன் நானு. ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதா எனக்கு?”

வேளாங்கண்ணியின் ஈரக்கை

சந்து முனையில் மீன் விற்கும் வேளாங்கண்ணிக்குக் கை எப்போதும் ஈரம். போன் அடித்தால் இரண்டு விரலால் தூக்கி, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் “நீ பேசு” என்று நீட்டிவிடுவாள். அவள் புருஷன் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும், அரசாங்க நிவாரணம் எப்போது வரும் என்று எல்லா வீட்டிலும் காத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவன் அழைத்தான். நிவாரணத்தைக் கணக்கில் ஏற்ற வேண்டுமாம், போனுக்கு வந்திருக்கும் ஆறு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டுமாம்.

போன் முதலில் சங்கரா மீன் வாங்க வந்த அம்மாவிடம் போனது. அவர் “யாருங்க பேசறது?” என்று கேட்டார், அவன் முதலிலிருந்து சொன்னான். அந்த அம்மா பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்தார். அண்ணாச்சியும் யார் பேசுவது என்று கேட்டார், மறுபடி முதலிலிருந்து. அண்ணாச்சி என்னிடம் கொண்டுவந்து கொடுக்கும்போது அவன் குரல் அழாத குறை. திரையெல்லாம் மீன் செதில். நகத்தால் சுரண்டிப் பார்த்தால் பாங்க் அனுப்பிய எண்ணும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற வரியும் இருந்தன. எந்த ஆபீஸ், எந்தத் தெரு என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

வேளாங்கண்ணியோ அசராமல் வஞ்சிரத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்: “எனக்கு அப்பவே டவுட்டுதான் செல்வி. குடுக்க வந்தவன் எங்கனாச்சும் இவ்ளோ கெஞ்சுவானா? துட்டு வாங்கப் போனா ஆபீசுல நம்மள இல்ல கெஞ்ச வுடுவாங்க.”

கரண்டுக்காரருக்கே கரண்டு

மாடி வீட்டு பாபு எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். சட்டைத் தையலில் எல்லாம் சாம்பல் இருக்கும். ஒருநாள் மத்தியானம் போனைப் பாம்பைப் பிடிப்பதுபோல் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். இன்றைக்கு மின் இணைப்பைத் துண்டிக்கப்போவதாக ஒரு குறுஞ்செய்தி, அதில் ஓர் அதிகாரியின் எண். இவன் அழைத்திருக்கிறான், அந்த ‘அதிகாரி’ ஒரு ஆப்பை இறக்கச் சொல்லியிருக்கிறான், இவனும் இறக்கிவிட்டான். இப்போது யாரும் தொடாமலே திரை தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

பிடுங்கி சிம்மை வெளியே எடுத்து, வைஃபையை அணைத்து, அந்த ஆப்பைத் தூக்கி எறிந்தேன். பிறகு பாங்குக்கு அழைத்து விசாரித்தோம். ஒன்றும் போகவில்லை. பாபுவுக்குத் தன் ரகசிய எண்ணே எப்போதும் ஞாபகம் இருக்காது, அன்றைக்கு அதுவே அவனைக் காப்பாற்றியது. ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஏழுமலை நைனாதான் விடவில்லை. கரண்டு தயாரிக்கிற இடத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு இப்படியா ஏமாறுவாய் என்று பிடி பிடியென்று பிடித்தார். பாபு சாம்பல் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “நான் நெலக்கரிதான் தள்றேன் நைனா. எந்த வூட்டுக்கு அனுப்பலாம், எந்த வூட்டுக்கு நிறுத்தலாம்னு என்னை யாரு கேட்டுகினு கீறாங்க?”

நானும்தான்

இதைச் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அண்ணாச்சி சொல்லிவிடுவார். மொத்த வியாபாரக் கடையில் நாலு டிஸ்ப்ளேவுக்குச் சொல்லியிருந்தேன். பார்சல் வராமல் ஒரு வாடிக்கையாளர் தினமும் வந்து முறைத்துக்கொண்டிருந்தார். அன்று ஒரு மின்னஞ்சல் வந்தது: உங்கள் பார்சலில் முகவரி சரியில்லை, திருத்துவதற்குச் சின்னக் கட்டணம் செலுத்தவும். ஊருக்கெல்லாம் லிங்கைத் தொடாதே என்று சொல்கிறவள், அவசரத்தில் தொட்டேன். கார்டு நம்பரைப் போட்டேன். பாங்க் எண் வந்தது, ஆறில் நாலு இலக்கத்தைத் தட்டிவிட்டேன்.

கரண்டு போனது. மின்விசிறியும் வைஃபையும் சேர்ந்து நின்றன. திட்டிக்கொண்டே, மிச்ச இரண்டு இலக்கத்தைப் பார்க்க அந்தக் குறுஞ்செய்தியை மறுபடி திறந்தபோதுதான் மேல் வரியைப் படித்தேன். கட்டணம் என்று சொன்ன தொகை அதில் இல்லை, என் கணக்கில் இருந்ததில் முக்கால்வாசி இருந்தது. உடனே கார்டை முடக்கினேன், அண்ணாச்சி கடையில் போய் ஒரு சோடா குடித்தேன். அவர் காசு வாங்கவில்லை, அதற்குப் பதிலாக இதைச் சொன்னார்: “ஊருக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்லுதியளே, ஒங்களுக்கு மட்டும் கரண்டு போயில்லா சொல்ல வேண்டியிருக்கு.”

லாரித் தண்ணீர் வந்த காலை

எங்கள் சந்தில் தண்ணீர் லாரி வரும் நாளில் ஆள் தூங்கலாம், குடம் தூங்கக் கூடாது. விடியும் முன்னே அவரவர் டிரம்மும் குடமும் வரிசையில் இடம் பிடித்துவிடும், லாரி ஹாரன் அடித்ததும் சொந்தக்காரர் வந்து நிற்க வேண்டும். ஏழுமலை நைனாவின் நீல டிரம்தான் எப்போதும் முதல். அன்றும் முதலில்தான் இருந்தது. லாரி வந்து, குழாயைத் தூக்கிய பிறகும் நைனா வரவில்லை. அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் கூப்பிட்டோம், கதவு உள்ளே தாழ். தண்ணீருக்கு வராத மனிதர் ஒன்று செத்திருக்க வேண்டும், இல்லை என்றால் சாகும் நிலையில் இருக்க வேண்டும். நான் ஓடிப்போய்ச் சாத்தியிருந்த ஜன்னலைத் தள்ளினேன்.

நைனா தரையில் உட்கார்ந்திருந்தார். போனில் வீடியோ அழைப்பு, வழக்கம்போல் ஸ்பீக்கரில், ஜன்னல் சாத்தியிருந்ததால்தான் சந்துக்குக் கேட்கவில்லை. காக்கிச் சட்டை போட்ட ஒருவன் அதட்டிக்கொண்டிருந்தான். நைனா பெயரில் போன பார்சலில் போதை மருந்து இருந்ததாம், அவர் டிஜிட்டல் கைதில் இருக்கிறாராம், கேமரா முன்னாலிருந்து எழுந்தால் நேரே சிறையாம். பாங்கில் இருப்பதை எல்லாம் அரசாங்கக் கணக்குக்கு அனுப்பினால் சரிபார்த்துத் திருப்பித் தருவார்களாம். காலை ஏழு மணியிலிருந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், மூன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் போட்டுக் கொடுத்த ஆப் திறந்திருந்தது. தொகையும் போட்டாயிற்று. கட்டை விரல் பட்டனுக்கு மேலே நின்றது.

“நைனா, இது பிராடு. போன்ல யாரும் கைது பண்ண முடியாது. அப்படி ஒரு சட்டமே இல்ல” என்று கத்தினேன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் கத்தினேன். அவர் கண் கலங்கியிருந்தது. உதட்டில் விரலை வைத்து, போய்விடு என்று கையை ஆட்டினார். போனிலிருந்தவன், பக்கத்தில் யாராவது பேசினால் அவர்களையும் கைது செய்வோம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மனிதர் தன் வீடு போகிற நேரத்திலும் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். விரல் மறுபடி பட்டனுக்குப் போனது.

என் தோளுக்கு மேலே வேளாங்கண்ணி தலையை நீட்டினாள். இடுப்பில் குடம். என்ன ஏது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது, என் முகத்தை மட்டும்தான் பார்த்தாள். காசிமேட்டில் பின்னோக்கி வரும் ஐஸ் லாரியை நிறுத்துகிற குரலில் ஒரே ஒரு சத்தம் போட்டாள்: “ஏய் நைனா, நிறுத்து.” நைனாவின் இரண்டு கையும் போனை விட்டு மேலே போய்விட்டன. போன் மடியில் விழுந்தது. காக்கிச் சட்டைக்காரன் கூரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். நைனா அப்படியே திரும்பி, அவளைப் பார்த்து, “இன்னா ஆச்சு?” என்று கேட்டார். “முதல்ல கதவத் தொறயேன்” என்றாள். திறந்தார். நான் அழைப்பைத் துண்டித்தேன், ஆப்பை மூடினேன், அவரை அழைத்துக்கொண்டு பாங்குக்கு ஓடினேன். போலீசிலும் எழுதிக் கொடுத்தோம். ஒரு ரூபாய் போகவில்லை. பாங்க் படியில் உட்கார்ந்து நான்தான் அழுதேன், அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நான் அத்தனை சொல்லியும் கேட்காதவர், அவள் ஒரு வார்த்தை சொன்னதும் எப்படி நிறுத்தினார்? கேட்டேவிட்டேன். நைனா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “எங்க கிரேன் வேலையில தூக்கச் சொல்றவன் ஒர்த்தன்தாம்மா. கீழ நிப்பான், மூஞ்சி தெரியாது, காதுல கொரல் மட்டும் வரும். அவன் சொன்னா எதிர்க்கேள்வி கெடையாது. முப்பத்து மூணு வருசம் அப்டியே பயகிட்டேன், இந்தக் கம்னாட்டி கொரலையும் அப்டியே கேட்டுகினு குந்திட்டேன். ஆனா நிறுத்துன்னு மட்டும் யாரு வேணா சொல்லலாம். டீ குடுக்க வர்றவன் சொன்னாலும் கைய எடுத்துடணும், ஏன்னு அப்பாலதான் கேக்கணும். நீ இன்னாத்துக்கும்மா காரணமா சொல்லிகினு இருந்த?”

அடுத்த மாதம் பத்திரப் பதிவு நல்லபடியாக முடிந்து, நைனா தன் சொந்த வாசலில் உட்கார்ந்து சந்துக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதால், பதினோரு வருடத் தொழில் அறிவு ஒரு மீன்காரியின் தொண்டையிடம் தோற்றுப்போனதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை.