மரபுத்தொடர் புத்தகத்தில் நான் தாண்டிய வரி

1. திரும்பி வந்த நாள்

என் தம்பி வினோத் இறந்த ஒன்பதாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் வெளியே போகக் கூடாது என்று சித்தி தடுத்தாள். வீட்டில் இருந்தால் வாசலில் கிடக்கும் அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஊர் பிரம்மதேசத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் பிரிண்டிங் கடை. ஜெராக்ஸ், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்வோம். நான் டி.டி.பி. ஆபரேட்டர், கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிறவள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. பார்த்து அடிப்பேன், அவ்வளவுதான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு விஷயம்தான் இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்ட விதத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அன்றைக்கு முதலில் வந்த வேலை ஒரு அஞ்சலி போஸ்டர். எங்கள் கடையில் போஸ்டருக்குப் புது ஃபைல் போடுவதில்லை. போன தடவை அடித்த ஃபைலைத் திறந்து, போட்டோவை மாற்றி, பழைய பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயரை அடிப்போம். ஃபைலைத் திறந்தேன். வினோத் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் போஸ்டரை முதலாளி முருகையன் அண்ணன் தானே இரண்டு விரலால் அடித்திருந்தார். எனக்குச் சொல்லாமல், என்னைக் கூப்பிடாமல் செய்திருந்தார். அதற்குப் பிறகு ஒன்பது நாளில் ஒரு போஸ்டர்கூட வரவில்லை போலிருக்கிறது. நான்தான் அவன் பெயரை அழித்தேன். அழித்த இடத்தில் அனந்தபுரத்துப் பெரியவர் ஒருவர் பெயரை அடித்தேன்.

2. அவன் கையெழுத்து

மூன்று மணிக்கு குமரன் சார் வந்தார். ஊருக்குள் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் நடத்துகிறவர். வினோத் அவரிடம்தான் படித்துக்கொண்டிருந்தான். வரும் திங்கட்கிழமை விழுப்புரத்தில் ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது, அவர் கிளாஸில் நாற்பது பேர் இன்டர்வியூவுக்குப் போகிறார்கள். வினோத்தும் போயிருக்க வேண்டியவன். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டப் போனான், வரப்பில் பாம்பு கடித்துவிட்டது.

சார் ஒரு நோட்டை மேஜையில் வைத்தார். இங்கிலீஷ்காரர்கள் வழக்கமாகப் பேசுகிற மரபுத்தொடர்களும் அதற்கான தமிழ் அர்த்தமும் அதில் இருந்தன. நாற்பது காப்பி வேண்டும்.

"உன்கிட்ட குடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சேம்மா," என்றார். "கிளாஸ்ல அவன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்னு அவனையே ஃபேர் காப்பி எழுதச் சொல்லியிருந்தேன்."

"குடுங்க சார். அவன் கையெழுத்து எனக்கு ஜல்தியா புரியும்," என்றேன்.

அது உண்மைதான். அவன் நோட்டை வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ராத்திரி சாப்பிடும்போது ஒவ்வொன்றாகச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பான். ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன் என்றால் அத்தி பூத்தாற்போல். பீஸ் ஆஃப் கேக் என்றால் ரொம்பச் சுலபம். "அம்மா, கேப்பைக் களி கிண்டுறது உனக்கு பீஸ் ஆஃப் கேக்கு," என்பான். அம்மா, "வந்து கிண்டிப் பாருடா, கேக்கா களியான்னு தெரியும்," என்பாள்.

இப்போது எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும். இரண்டு கலர் வேண்டும் என்று சார் கேட்டிருந்தார். இங்கிலீஷ் நீலம், தமிழ் கறுப்பு. எங்கள் ரிசோ அச்சு மெஷினில் ஒரு தடவைக்கு ஒரு கலர்தான் ஓடும். நீலத்தில் ஓட்டி எடுத்து, காய்ந்த பிறகு அதே தாளை மறுபடி விட்டுக் கறுப்பில் ஓட்ட வேண்டும். அதனால் இங்கிலீஷை ஒரு ஃபைலிலும் தமிழை ஒரு ஃபைலிலும் தனித்தனியாக அடிப்போம். வரிக்கு வரி நேராக விழும். கீபோர்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

இங்கிலீஷ் முழுக்க அடித்து முடித்தேன். தமிழில் ஐந்தாம் பக்கம் பாதி வரை போனேன். அங்கே, கிக் த பக்கெட் என்பதற்கு நேரே வினோத் 'மண்டையைப் போடுவது' என்று எழுதியிருந்தான். சார் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே 'இறந்துபோவது' என்று எழுதியிருந்தார். அதற்காக வினோத் வீட்டில் சண்டை பிடித்தது ஞாபகம் வந்தது. "நான் எழுதினதுதான்க்கா கரெக்ட்டு. நம்மூர்ல யாரு இறந்துபோறாங்க, மண்டையத்தான் போடுறாங்க."

எனக்கு விரல் ஓடவில்லை. அவன் எழுதியதையும் அடிக்க முடியவில்லை, சார் எழுதியதையும் அடிக்க முடியவில்லை. கடைசியில் வந்து அடித்துக்கொள்ளலாம் என்று அடுத்த வரிக்குப் போனேன். இடம் விடவில்லை. பிறகு திரும்பி வரவும் இல்லை. புத்தகத்தின் கடைசி அர்த்தம் நீளமாக இருந்து இரண்டு வரியாக மடங்கியதால், ஒரு வரி குறைவது பக்கத்தில் தெரியவில்லை.

சார் ப்ரூஃபில் முதல் இரண்டு பக்கம் பார்த்தார். "அவன் எழுதினா தப்பு இருக்காது," என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

3. யார் தப்பு

வெள்ளிக்கிழமை மாலை புத்தகத்தைக் கொடுத்தோம். சனிக்கிழமை காலை சார் திரும்பி வந்தார். கூடவே நந்தினி என்று ஒரு பெண், அவர் கிளாஸ் மாணவி. சார் கோபத்தில் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நேத்து ராத்திரி எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கினு வந்துட்டாங்க," என்றார். "பீஸ் ஆஃப் கேக்னா இன்னான்னு கேக்கறேன். நாப்பது பேரும் ஒரே குரல்ல, கிண்டல் பண்றதுங்கறாங்க. அது அடுத்த வரியோட அர்த்தம். ப்ளூ மூனுக்கு ரொம்பச் சுலபம்னு போட்டிருக்கு. திங்கக்கிழமை இதையே போய்ச் சொன்னா அவனவன் சிரிப்பான்."

நந்தினி, "எங்க வீட்ல ஆட்டை வித்துதான் கிளாஸுக்கு அனுப்பினாங்கண்ணா," என்று முதலாளியிடம் சொன்னாள்.

முருகையன் அண்ணன் புத்தகத்தைப் புரட்டினார். நீலமும் கறுப்பும் ஒரு வரி விலகியிருந்தன. அவருக்கு உடனே தெரிந்தது மெஷின் தப்புதான். இரண்டாவது ஓட்டில் தாள் ஏறி இறங்கினால் இப்படித்தான் விழும்.

"டேய் பரக்கத்து," என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

பரக்கத் அண்ணன் எங்கள் மெஷின்மேன். கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் வருகிறவர். மை துடைக்கிற துணியோடு வந்து நின்றார்.

"போன மாசம் கல்யாணப் பத்திரிகைல இதே கதை. அன்னிக்கே சொன்னேன், இன்னொரு தடவ ஆச்சுன்னா வூட்டுக்குப் போயிடுன்னு. சொன்னனா இல்லியா?"

பரக்கத் அண்ணன் புத்தகத்தை வாங்கி ஐந்தாம் பக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மெஷினில் தாள் ஏறினால் பக்கம் முழுக்க விலகும். அந்தப் பக்கத்தில் மேல் பாதி சரியாக இருந்தது, கிக் த பக்கெட்டிலிருந்துதான் விலகியிருந்தது. மெஷின் ஓட்டுகிறவருக்கு அது ஒரு பார்வையில் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"கவனிக்கலண்ணே. ரெண்டாவது ஓட்டு ஏறிக்கிச்சு," என்றார்.

"ஏறிக்கிச்சாம். கணக்க முடிச்சுக்கினு கெளம்பு."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அவர் துணி மாற்றிக்கொண்டு, டிபன் டப்பாவைப் பையில் போடும் வரை நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காரியம் முடியாத வீட்டுப் பெண்ணை யாரும் திட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கும்போது இன்றைக்கும் கூசுகிறது.

அவர் என்னைத் தாண்டிப் போகும்போது, "சாப்ட்டியா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

"அண்ணே, அவரு இல்ல. நானு," என்றேன். "ஒரு வரி அடிக்காம வுட்டுட்டேன். அங்கேர்ந்து எல்லாம் மேல ஏறிக்கிச்சு."

முருகையன் அண்ணன் திரும்பினார். "எந்த வரி?"

நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் படித்தார். சாரும் படித்தார். சிவப்புக் கோட்டையும் அதன் கீழே இருந்த கையெழுத்தையும் பார்த்துவிட்டு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முதலாளி பரக்கத் அண்ணனிடம், "ஏன்டா, உனக்குத் தெரியும்தானே?" என்றார்.

"தெரியும்ணே."

"அப்புறம் ஏன் உன் தப்புன்ன?"

"எனக்கு இன்னாண்ணே, இந்தக் கட இல்லன்னா இன்னொரு கட. தங்கச்சி இப்பதான் எழுந்து வந்திருக்குது."

"பேஜாரு புடிச்சவனே, பைய உள்ள வை," என்றார் முதலாளி. என்னிடம் திரும்பி, "எழுந்திரு. அந்த ஒரு வரிய நான் அடிக்கிறேன். மத்தத நீ பாத்துக்க," என்றார்.

"வேணாண்ணே. போஸ்டரையும் நீங்கதான் அடிச்சீங்க," என்றேன்.

4. ஒரு வரி

ஃபைலைத் திறந்தேன். ஐந்தாம் பக்கம், பாதி. நாலு பேரும் பின்னால் நின்றார்கள். கர்சரை வைத்து, வினோத் எழுதியதை அப்படியே அடித்தேன். 'மண்டையைப் போடுவது.' என்டர் தட்டினேன்.

கீழே இருந்த அத்தனை வரியும் ஒரு படி இறங்கியது. ரகசியத்தை வெளியே விடுவது, அத்தி பூத்தாற்போல், ரொம்பச் சுலபம், கிண்டல் செய்வது, எல்லாம் அதனதன் இடத்துக்குத் தானாகப் போய் உட்கார்ந்தது. நான் வேறு ஒன்றையும் தொடவில்லை.

சார் திரையைப் பார்த்தார். அவர் திருத்தியதை நான் அடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. "இருக்கட்டும்," என்றார். "அதான் கரெக்ட்டு."

நந்தினி கிளாஸுக்கு ஓடி நாற்பது புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு வந்தாள். பின்னைப் பிரித்து, ஐந்தாம் பக்கத்திலிருந்து புதுத் தாள் வைத்து, மறுபடி பின் அடித்தோம். பரக்கத் அண்ணன் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்து, நீலமும் கறுப்பும் நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விட்டார். மத்தியானத்துக்குள் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை நந்தினி கடைக்கு வந்தாள். கம்பெனியில் அவளை எடுத்துக்கொண்டார்கள். "அவ்ளோ மனப்பாடம் பண்ணோம்க்கா, ஒண்ணுகூடக் கேக்கல. ஊரு எது, அப்பா இன்னா பண்றாருன்னு கேட்டாங்க, முடிஞ்சு போச்சு," என்றாள். வினோத் இருந்திருந்தால் இதை வைத்து ஒரு வாரம் சிரித்திருப்பான்.

அந்த வார வியாழக்கிழமை அவன் காரியத்தில், படத்துக்கு முன்னால், கூடுதலாக ஓட்டிய ஒரு புத்தகத்தை வைத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீலம் எது, கறுப்பு எது என்று கேட்டாள். சொன்னேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அடிக்க முடியாத வரி என்று ஒன்று எல்லாருக்கும் வரும். அன்றைக்கு அடிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, அந்த இடத்தில் மூன்று நட்சத்திரம் போட்டு, இடத்தை விட்டுவிட்டுப் போங்கள். ஒன்றுமே இல்லாததுபோல அடுத்த வரிக்குப் போகாதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் எல்லாம் தப்பாகிவிடும். பழி வேறு யார் மேலோ விழும்.