தரையில் உருண்டு வந்த பந்து

டெக்சாஸில் ஒரு சிறிய தொழில்முறை பேஸ்பால் டீமில் நான் பிட்சராக, அதாவது பந்தெறிபவனாக இருந்தேன். இரண்டாவது சீசனில் ஒரு நாள், நான் எறிந்த பந்தை பேட்டர் ஓங்கி அடித்தான். அது நேராக என் முகத்துக்கே திரும்பி வந்தது. கிளவுஸைத் தூக்கக்கூட நேரமில்லை. முதலில் சத்தம்தான் கேட்டது. வலி பிறகு வந்தது.

இடது கன்னத்து எலும்பு நொறுங்கியிருந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். நியூ ஜெர்சியில் நர்ஸாக இருக்கும் அம்மா அடுத்த ஃபிளைட்டைப் பிடித்து வந்தார். அடிபடாத கண்ணைக் கையால் மூடி, "இது எத்தன விரல்னு காட்டு" என்றார். வாய் அசையாததால் நானும் இரண்டு விரலைத் தூக்கினேன். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

அடித்த பேட்டரும் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

அம்மாவோடு அமெரிக்கா வருமுன், பாளையங்கோட்டையில் சிறுவனாகக் கிரிக்கெட் பந்து போட்ட நாளிலிருந்து என்னிடம் இருந்தது வேகம் ஒன்றுதான். காயம் ஆறிய பிறகும் அது குறையவில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஆடலாம் என்றார். மேனேஜர் பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பழைய ஸ்பீடு அப்படியே இருக்கே! வெள்ளிக்கிழமை நீதான் ஸ்டார்ட் பண்ற."

வெள்ளிக்கிழமை, முதல் இன்னிங்ஸ். பேட்டர் அடித்தது சரியாகப் படவில்லை. பந்து பொத்தென்று விழுந்து, மெதுவாக உருண்டு என்னை நோக்கி வந்தது. குனிந்து எடுத்து வீசினால் அவன் அவுட். நான் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தேன்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் டேனி ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டான்.

"பந்து தரையில உருண்டுதான்டா வந்துச்சு" என்றான் மெதுவாக.

"தெரியும். பாத்தேன்."

"அப்ப எழுந்திரு."

"முடியலடா."

மேனேஜர் வந்து, ஆளை மாற்றும்போது செய்வதுபோல, பந்துக்காகக் கையை நீட்டினார். பந்து என்னிடம் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற ஃபீல்டர் அதை எடுத்து வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"மறுபடி அடிபட்டுச்சா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன்டா அழுற?"

"பயமா இருக்கும்மா."

"கெளம்பி வா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது நியூ ஜெர்சியிலேயே, பார்சிப்பனியில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறேன். இந்த ஆட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அடிபட்டுத் திரும்பினால் எலும்பு கூடிவிட்டதா, வேகம் வந்துவிட்டதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். மறுபடியும் அங்கே போய் நிற்க முடியுமா என்று நீங்கள்தான் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை. முடியாது என்ற பதில் எனக்கு முன்பே தெரிந்திருந்தது.