இடக்கை மடிப்பு

நீவெஸின் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பது அவள் வேலை பார்க்கும் டைல்ஸ் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தேழு வருஷமாக ஒரே இடம், ஒரே வேலை. எதிரே டைல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். முனை உடைந்தது, நிறம் மங்கியது, மயிரளவு விரிசல் விட்டது, எது வந்தாலும் அவள் கையிலிருக்கும் மெழுகுப் பென்சில் அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிடும். கோடு விழுந்தால் அது இரண்டாம் தரம், மேல்முறையீடு கிடையாது. வேலைக்கு நல்ல குணம்தான். அந்தக் குணத்தைத் தொழிற்சாலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரிந்திருந்தால், அவள் வாழ்க்கையில் பதினோரு வருஷம் பாழாய்ப் போயிருக்காது.

அந்த வியாழக்கிழமை அவள் வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழாகிவிட்டது. நவம்பர் மாதத்து மூடுபனியில் கார் ஊர்ந்துதான் வந்தது. புருஷன் லோரிஸ் சாப்பாட்டு மேசைமுன் தயாராக உட்கார்ந்திருந்தான். ஓய்வு பெற்ற டிராக்டர் மெக்கானிக். சமைக்கத் தெரியாது, பசிக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

"ஃப்ரிட்ஜைத் திறந்து பாரு. ஸ்பிலம்பெர்தோ போயிருந்தேன். மாதா கோயில் வாசல்ல பொம்பளைங்க தோர்த்தெல்லினி வித்துக்கிட்டிருந்தாங்க. எல்லாம் கையால மடிச்சது."

"ஸ்பிலம்பெர்தோல உனக்கு என்ன வேலை?"

"வினிகர் வாங்கப் போனேன். அந்த ஊர்ல கால் வச்சா குத்தமா?"

குற்றமில்லை. ஆனால் அந்த ஊரின் பெயரை அந்த வீட்டில் யாரும் சும்மா சொல்வதில்லை. அங்கேதான் நீவெஸின் அக்கா வில்மா இருக்கிறாள். பதினைந்து கிலோமீட்டர்தான் தூரம். நீவெஸ் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு அவசரச் சாப்பாடு என்றால் என்னவோ, இத்தாலியின் இந்த மொதெனாப் பக்கத்தில் அவசரத்துக்கும் தோர்த்தெல்லினிதான். சுண்டுவிரல் நுனியளவு மாவுப் பொட்டலம், உள்ளே அரைத்த பன்றியிறைச்சியும் பாலாடைக்கட்டியும் ஜாதிக்காய்த் தூளும். கொதிக்கிற இறைச்சிச் சாற்றில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் சாப்பாடு தயார். மடித்து வைத்தவள் ஒருத்தி இருக்கவேண்டும், சாறு இருக்கவேண்டும், அவ்வளவுதான். சாறு என்றால் மாட்டெலும்பும் கிழட்டுக் கோழியும் போட்டு மூன்று மணி நேரம் கொதித்தது. வேலைக்குப் போகிறவளுக்கு அந்த மூன்று மணி நேரத்தை யார் தருவார்கள்? நீவெஸ் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். லோரிஸ் தொலைக்காட்சியில் மூழ்கியிருந்தான். சோடா உப்பு டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த சூப்புக் கட்டிகள் இரண்டை எடுத்து, தாளைப் பிரித்து, தண்ணீரில் போட்டாள். அந்த வாசனையை மறைக்கப் பாலாடைக்கட்டியின் காய்ந்த தோல் ஒரு துண்டையும் கூடவே போட்டாள். தாளைக் கசக்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வருஷக்கணக்காக நடக்கும் களவு இது. தடயம் விட்டதே இல்லை.

கொதி வந்ததும் ஃப்ரிட்ஜிலிருந்த தோர்த்தெல்லினிப் பையை எடுத்துக் கவிழ்த்தாள். எல்லாம் அடியில் போய்ப் பிறகு ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, மேலே பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு மேசையில் வைத்தாள். லோரிஸ் தன் அப்பனைப் போலவே சாற்றில் அரை டம்ளர் சிவப்பு ஒயினை ஊற்றிக் கலக்கினான். சாறு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. வேறு நாளாக இருந்தால் அதற்கே நீவெஸ் அரை மணி நேரம் திட்டியிருப்பாள்.

அன்று திட்டவில்லை. கரண்டியில் ஒன்றை எடுத்தவள் வாய்க்குக் கொண்டுபோகாமல் விளக்குக்கு நேரே பிடித்திருந்தாள்.

மாவுச் சதுரத்தை முக்கோணமாக்கி விரலைச் சுற்றி வளைக்கும்போது இரண்டு முனைகள் ஒன்றின்மேல் ஒன்று வரும். வலக்கைக்காரிகள் மடித்தால் வலது முனை மேலே உட்காரும். இந்த ஊர்ப்பக்கம் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் மடிப்பார்கள். கரண்டியில் இருந்ததில் இடது முனை மேலே இருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதிலும் இடது. கிண்ணத்தைக் கிளறினாள். பாதிக்குமேல் அப்படியே இருந்தன. நடு ஓட்டையும் சின்னது, மெல்லிய சுண்டுவிரலைச் சுற்றியது.

"லோரிஸ், இது அக்கா கை."

வில்மா பிறவி இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் இடக்கையை நாற்காலியோடு கட்டிவைத்து வலக்கையால் எழுதப் பழக்கினார்கள். எழுதப் பழகிக்கொண்டாள். ஆனால் சமையலறைக்குக் கன்னியாஸ்திரீகள் வரமாட்டார்களே. மடிப்பது கடைசிவரை இடக்கைதான். சின்ன வயதில் நீவெஸ் தன் கிண்ணத்தில் அக்கா மடித்ததை மட்டும் பொறுக்கி ஓரமாக வைத்துக் கடைசியில் சாப்பிடுவாள். அம்மா அதட்டுவாள், "எல்லாம் ஒரே மாவுதாண்டி!" ஒரே மாவுதான். ஆனாலும் அவளுக்கு அது தனி ருசி.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் மதியம். வில்மா வீட்டில் பன்னிரண்டு பேர். வில்மாவின் மகனுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா அம்மா முதல்முறையாகச் சம்பந்தி வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். தோர்த்தெல்லினி வந்தது. நீவெஸ் ஒன்றைக் கரண்டியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பழக்க தோஷம். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, இது உன் கை இல்லையே! எந்தக் கடையில வாங்கினே?"

அவளுக்கு அது வேடிக்கை. மேசையில் இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். வில்மா எழுந்து சமையலறைக்குப் போனாள், இனிப்பு பரிமாறும்வரை வெளியே வரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று கடையில் வாங்கிப் பரிமாறினாள் என்று புதுச் சம்பந்திமுன் ஒருத்தியைச் சொல்வதற்குப் பதில் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம் கழித்து ஒரு சாவு வீட்டில்தான் நீவெஸ் தூரத்திலிருந்து பார்த்தாள்: அக்காவின் கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. விசாரித்தபோது, அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே நடுக்கம் ஆரம்பித்துவிட்டதாம். மடிக்க முடியாததை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாளாம்.

அதைக் கேட்ட ராத்திரி நீவெஸ் தூங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று எத்தனையோ தடவை தொலைபேசியை எடுத்திருக்கிறாள். எண் மனப்பாடம். கடைசி இலக்கத்துக்கு முன்னால் விரல் நின்றுவிடும். என்னவென்று ஆரம்பிப்பது? சொன்ன வாயைத் தைத்துக்கொண்டா பேச முடியும்? சாக்குச் சொல்லிக்கொண்டு ஸ்பிலம்பெர்தோ வழியாகக் காரை ஓட்டுவாள், அக்கா வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பாள், திரும்பி வந்துவிடுவாள். கூடப் பிறந்தவள் உயிரோடு பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும்போதே அவளுக்காக ஏங்குவது, செத்தவர்களுக்காக ஏங்குவதைவிடக் கொடுமை. செத்தவர்கள் கதவைத் திறக்கமாட்டார்கள் என்றாவது தெரியும்.

"கை சரியாயிடுச்சு போல லோரிஸ். மறுபடி மடிக்கிறா பாரு! எவ்வளவு அழகா மடிச்சிருக்கா பாரு!"

"அப்ப போய்ப் பாரேன். சனிக்கிழமை காலையிலயும் கோயில் கூடத்துல உட்கார்ந்து மடிக்கிறாங்களாம்."

"என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? அவ துரத்தி விட்டா?"

லோரிஸ் ஒயின் கலந்த சாற்றை உறிஞ்சிக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "சோடா உப்பு டப்பாவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு ஒன்பது வருஷமா எனக்குத் தெரியும். என்னைக்காவது கரண்டியைத் தூக்கிக் காட்டியிருக்கேனா?"

நீவெஸுக்குக் காது மடல்வரை சூடேறியது. ஒன்பது வருஷம்! இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் முகத்தில் கேலிகூட இல்லை. மிச்சமிருந்ததைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை கோயில் கூடத்தின் கதவைத் தள்ளியபோது மாவு வாசனையும் பதினைந்து பெண்களின் கூச்சலும் ஒன்றாக அவள்மேல் மோதின. நீள மேசை, இரண்டு பக்கமும் கவுன்மேல் ஏப்ரன் கட்டிய பெண்கள், யார் மருமகள் என்ன சொன்னாள் என்ற கச்சேரி. மேசைக் கோடியில் வில்மா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நீவெஸ் வாசலிலேயே நின்றாள்.

வில்மாவின் முன்னால் மாவுச் சதுரங்கள் இல்லை. கைகள் இரண்டும் ஏப்ரன் பைக்குள் இருந்தன. அவளுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்து மளமளவென்று மடித்துக்கொண்டிருந்தாள். இடது முனை மேலே. இடது முனை மேலே. நீவெஸின் கண்ணுக்கு ஒன்று போதும். இரண்டு நாளாகச் சுமந்துகொண்டிருந்த சந்தோஷம் அப்படியே காலடியில் கொட்டிப்போனது. அக்காவின் கை சரியாகவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் வில்மா பார்த்துவிட்டாள்.

"அடடே, யாரு! தரம் பார்க்க வந்துட்டாங்கடி! பென்சில் கொண்டாந்திருக்கியா?"

கூச்சல் பாதியாய்க் குறைந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் கதை தெரியாதவர்கள் அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? நீவெஸ் மேசைக் கோடிவரை நடந்தாள்.

"இவ ரோதிகா," என்றாள் வில்மா, பக்கத்திலிருந்த பெண்ணை முகவாயால் காட்டி. "மால்டோவாக்காரி. ஆறு வருஷமா என்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்துக்கிறா."

"அம்மாதான் என் விரலைப் பிடிச்சுக்கிட்டே சொல்லிக் கொடுத்தாங்க," என்றாள் ரோதிகா. "எனக்கு எழுதுற கை வலதுங்க. மடிக்க மட்டும் இடதுதான் வருது."

வில்மா தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு என் கை இல்லேன்னு சொன்னே. இன்னைக்கும் என் கை இல்ல. கண்ணாலயே பார்த்துட்டியே. சொல்லு. எல்லாரும் இருக்காங்க, சத்தமாச் சொல்லு."

பதினைந்து ஜோடிக் கைகள் மாவோடு அப்படியே நின்றன. நீவெஸ் எல்லோர் பக்கமும் திரும்பினாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

"வியாழக்கிழமை லோரிஸ் இங்கிருந்து ஒரு பை வாங்கிட்டு வந்தான். அதை நான் சூப்புக் கட்டி போட்ட தண்ணியிலதான் வேக வச்சேன். ஒன்பது வருஷமா என் வீட்டுல சூப்புக் கட்டிதான். ரெண்டு கட்டி. சோடா உப்பு டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன்."

கூடமே அலறியது. "ஐயையோ!" என்று ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள், மாவுக் கை அச்சு ஏப்ரனில் அப்படியே பதிந்தது. "மாதாவே, இதைக் கேட்டீங்களா!" என்று இன்னொருத்தி. "சூப்புக் கட்டியா? ஊருக்கெல்லாம் தரம் பார்க்கிறவ வீட்டுல கட்டியா?" என்று மூன்றாமவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

வில்மா சிரிக்கவில்லை. வாய் மட்டும் கோணியது.

"கையால மடிச்சதைக் கொண்டுபோய்க் கட்டித் தண்ணியில போட்டியாடி, பாவி?"

"போட்டேன்கா."

"நல்லாவா இருந்துச்சு?"

நீவெஸ் குனிந்தாள். இதை மற்றவர்கள் கேட்க வேண்டியதில்லை. "எடுத்ததும் தெரிஞ்சுது. உன் மடிப்பு உள்ளதையெல்லாம் ஓரமா ஒதுக்கி வச்சுக் கடைசியில சாப்பிட்டேன்கா. உன் கைதான்கா. உன் கைதான்."

வில்மா ஏப்ரன் பையிலிருந்து இடக்கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மறைத்த கை. அது தன் பாட்டுக்கு நடுங்கியதில் மேசைமேலிருந்த மாவு லேசாகப் பறந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள் வில்மா. "மாட்டெலும்பும் கோழியும் வாங்கிக்கிட்டுக் காலையிலேயே வா. சாறு மூணு மணி நேரம் கொதிக்கணும். அதுவரைக்கும் பேசலாம். நிறைய இருக்கு."

நீவெஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்காவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். நடுக்கம் நிற்கவில்லை. அது மெல்ல மெல்ல அவள் கைக்கும், தோளுக்கும் ஏறியது. அவள் விடவில்லை.