அவர் எழுதியதை நான் வாசித்தேன்

அந்தப் படத்தில் கேட்கும் பெண் குரல் என்னுடையது. இருபது நிமிடம்கூட ஓடாத டாக்குமென்டரி. தாராவியைப் பற்றியது. அதை எடுத்தவரைத் துணிச்சல்காரர் என்றும் பம்பாயின் மனசாட்சி என்றும் இன்றைக்கும் யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் அவரை வெறுத்தேன், இப்போதும் வெறுக்கிறேன். அந்த வெறுப்பில் என் மேலேயே எனக்கு இருப்பது எவ்வளவு என்பதைப் படிக்கிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தாராவியில் மாநகராட்சி நடத்திய தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. வீடு மாட்டுங்காவில். அப்பா ஆபீஸ் குமாஸ்தா. தினமும் காலையில் ரயில் பாலம் ஏறி இறங்கித் தாராவிக்கு நான் நடந்து போவதை எங்கள் கட்டடத்தில் ஏதோ பெரிய தியாகம் மாதிரிப் பேசுவார்கள். அப்படிப் பேசுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் எடுத்தவர் செம்பூர்க்காரர். எங்களைப் போலவே இரண்டு தலைமுறையாகப் பம்பாயில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழ் பேசுவார், எழுதுவது ஆங்கிலத்தில். நடைபாதையில் வாழ்பவர்களைப் பற்றி அவர் எழுதிய ஒரு புத்தகம் ஏற்கெனவே பெரிய சண்டையைக் கிளப்பியிருந்தது. அதில் பேசியதாக வரும் இரண்டு பேர், நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒரு பத்திரிகை ஆபீசுக்கே போய்ச் சொன்னார்கள். அதற்கும் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தாங்கள் சொன்னதன் அர்த்தம் அவர்களுக்கே தெரியாது என்பதுதான் அதன் சாரம். அதைப் படித்துவிட்டு நான் அசந்து போனேன். எவ்வளவு புத்திசாலி என்று நினைத்தேன்.

எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அவரைத் தலைமை தாங்க அழைத்திருந்தார்கள். நிகழ்ச்சிகளை அறிவித்தது நான். முடிந்ததும் என்னிடம் வந்து, என் குரலில் கண்டிப்பும் ஈரமும் சேர்ந்து இருக்கின்றன, அடுத்த படத்தின் தமிழ் வர்ணனையை நான்தான் வாசிக்க வேண்டும் என்றார். அதுவரை என் குரலைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டில் மெதுவாகப் பேசு என்பார்கள். நான் உடனே சரி என்றேன்.

படம் எடுக்கத் தாராவிக்குள் அவரை அழைத்துப்போனதும் நான்தான். ஒரு குடும்பத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். என் வகுப்பில் மிக நன்றாக வாசிக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஐந்தாம் வகுப்பு. அப்பா தோல் ஷாப்பில் வேலை, தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் கழிக்கிற பிரிவு. கைகள் எப்போதும் வெடித்திருக்கும். வெற்றிலைகூடப் போடாத மனிதர். அம்மா வீட்டு வாசலில் அடுப்பை வைத்து முறுக்குச் சுட்டு விற்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மகளை எப்படியாவது பத்தாவது வரை படிக்கவைத்துவிட வேண்டும் என்று அந்த அம்மாள் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் சொல்வார்.

படம் எடுக்க வந்தவர் அங்கே யாருடைய பெயரையும் கேட்கவில்லை. முறுக்குக்காரி, தோல்காரன், முறுக்குப் பொண்ணு, அவ்வளவுதான். அந்த அம்மாள் காகிதத்தில் மடித்துக்கொடுத்த முறுக்கை வாங்கிக்கொண்டார். போகும்போது அது காமிராப் பெட்டி வைத்திருந்த திண்டின்மேல் அப்படியே கிடந்தது. அம்மாள் அதைப் பார்த்தார், எடுத்து உள்ளே வைத்தார்.

படப்பிடிப்பு பள்ளி நாளில், முற்பகலில். வெளிச்சம் அப்போதுதான் சந்துக்குள் இறங்கும் என்றார். பெண்ணுக்கு நானே லீவு கொடுத்தேன். சீருடையோடு நின்ற பெண்ணிடம் பழைய பாவாடையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். ரிப்பனை அவிழ்த்துத் தலையைக் கலைத்துவிடச் சொன்னார். அம்மாவுக்குப் பதில் அவளை அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து முறுக்குப் பிழியச் சொன்னார். அவளுக்குப் பிழியத் தெரியவில்லை. மாவு கோணல்மாணலாக விழுந்தது. அவள் சிரித்தாள். சிரிக்காமல் இன்னொரு தடவை என்றார். நான் பக்கத்தில் நின்று, “டீச்சர் சொல்றேன், சிரிக்காதே” என்றேன்.

வர்ணனை வாசிக்கத் தாதர் பக்கம் ஒரு ரெக்கார்டிங் தியேட்டருக்கு வரச்சொன்னார்கள். ஆங்கிலத்தில் அவர் எழுதியதை வேறு யாரோ தமிழாக்கியிருந்தார்கள். தாள்கள் அங்கே போன பிறகுதான் கைக்கு வந்தன. திரையில் படம் துண்டுதுண்டாக ஓடும், சிவப்பு விளக்கு எரிந்ததும் வாசிக்க வேண்டும். மூன்றாவது துண்டில் என் மாணவி வந்தாள். கலைந்த தலை, அடுப்புப் புகை. தாளில் இருந்தது இது: இந்தச் சிறுமி பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்ததில்லை. இவள் தந்தையின் கூலி கள்ளச் சாராயத்தில் கரைகிறது.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் உள்ளே வந்தார். இது உண்மையில்லை, இவள் என் வகுப்பில்தான் படிக்கிறாள், உங்களுக்கே தெரியும் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. இது இந்தப் பெண்ணைப் பற்றிய படம் இல்லை, பள்ளியைப் பார்க்காத ஆயிரம் பெண்களைப் பற்றியது, ஒரு சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டு பெரிய உண்மையை விட்டுவிடாதீர்கள் என்று பொறுமையாக விளக்கினார். மதராஸ் ராஜ்யம் முழுக்க என் குரல் கேட்கும் என்றும் சொன்னார். ரெக்கார்டிங் பையன்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். ஒரே டேக்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப்படம் போடும் ஒரு தியேட்டரில், சில மாதங்கள் கழித்து, தமிழ்க்காட்சி என்பதால் தமிழ் வர்ணனையோடு அதைப் போட்டார்கள். மகள் படத்தில் வருகிறாள் என்று அந்த அப்பா சந்தில் இருந்த நாலைந்து குடும்பங்களையும் தன்னோடு வேலைசெய்கிறவர்களையும் அழைத்துப் போயிருக்கிறார். நான் போகவில்லை. தலைவலி என்று வீட்டில் சொன்னேன்.

என்ன நடந்தது என்பதை அந்தக் காட்சிக்குப் போயிருந்த எங்கள் பள்ளி ஆசிரியை ஒருத்தி சொன்னாள். பெண்ணின் முகம் வந்ததும் கைதட்டியிருக்கிறார்கள். பிறகு என் குரல். “எங்க டீச்சர்” என்று பிள்ளைகள் கத்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசல் வரி வந்தபோது கைதட்டல் நின்றது. சாராயம் வந்தபோது பின் வரிசையில் யாரோ சிரிக்க, அது தியேட்டர் முழுக்கப் பரவியது. அப்பா எழுந்து வெளியே போனார். குடும்பம் பின்னாலேயே போனது. மெயின் படம் அவர்கள் பார்க்கவில்லை.

அடுத்த மூன்று நாள் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. தோல் ஷாப்பில் அவள் அப்பாவைப் பார்த்து, நமக்கும் ஒரு கிளாஸ் ஊத்தப்பா என்று கிண்டல் செய்கிறார்களாம். நான்காம் நாள் வகுப்பு முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் முப்பது நாற்பது பெண்கள் குடத்தோடு நின்றார்கள். வரிசையில் நின்ற அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் மகளின் மதிப்பெண் புத்தகம். பிரகதி புஸ்தகம் என்போமே, அது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“டீச்சர், எம் மவளப் பத்தி அம்புட்டு பேரு கேக்க வாசிச்சியள்லா. இதையும் நாலு பேரு கேக்க வாசிச்சிருங்க.”

நான் உள்ளே போய்ப் பேசலாம் என்றேன்.

“உள்ள வேண்டாம். இங்கன நின்னே வாசிங்க. அதே மாதிரி வாசிக்கணும்.”

வாசித்தேன். பெண்ணின் பெயர், அப்பா பெயர், வகுப்பு. தமிழில் இவ்வளவு, கணக்கில் இவ்வளவு, வருகை இத்தனை நாள். கீழே நானே எழுதியிருந்த குறிப்பு: மிக நன்றாக வாசிக்கிறாள். இரண்டு இடத்தில் குரலைத் தாழ்த்தி வாசித்தேன். அந்த அம்மாள் விடவில்லை, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை, திரும்ப வாசியுங்கள் என்றார். திரும்ப வாசித்தேன். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் யாரும் குடத்தை நகர்த்தவில்லை.

முடிந்ததும் புத்தகத்தை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டார். “அவளுக்குப் பக்கத்து வகுப்புல எடம் கேட்டுத் தாங்க. ஒங்ககிட்ட இனி வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணை பி பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு மரத் தடுப்புதான். அவள் உரக்க வாசிப்பது எனக்குக் கேட்கும்.

அடுத்த ஞாயிறு செம்பூருக்குப் போனேன். அவர் வராந்தாவில் அடுத்த புத்தகத்தின் பிழை திருத்திக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொல்லி, அந்த இரண்டு வரியை எடுத்துவிடுங்கள், வேறு வரி நானே வந்து வாசித்துத் தருகிறேன் என்றேன். குழாயடி விஷயத்தை மட்டும் அவர் ஆர்வமாகக் கேட்டார். எத்தனை பேர் நின்றார்கள், அந்த அம்மாள் எப்படி நின்றாள் என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஆயிரம் பெண்கள் கதையை மறுபடி தொடங்கினார்.

“பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள் ஆயிரம் பேர் இருக்காங்கன்னா, அதுல ஒருத்தியையே எடுத்திருக்கலாமே” என்றேன்.

“எடுத்துப் பார்த்தேன். இந்த முகம் அவங்க யாருக்கும் இல்ல.”

அவர் பேனாவை மூடினார். “வாசிச்சது நீங்கதானே, டீச்சர். யாராவது கழுத்தப் பிடிச்சாங்களா?”

காபி வந்தது. குடிக்காமல் எழுந்து வந்தேன். அதனால் அவருக்கு என்ன நஷ்டம்.

பிறகு அந்தப் படம் வேறு விதமாகச் சந்திக்கு வந்தது. ஊரின் மானத்தைக் கெடுக்கிறது என்று சில பத்திரிகைகள் எழுத, படத்தைத் தியேட்டர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவருக்கு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வேண்டியதில்லை. மாட்டுங்காவில் அவரை ஆதரித்துக் கூட்டம் போட்டார்கள். எங்கள் கட்டடத்திலிருந்தே பலர் போனார்கள். இன்னொரு பக்கம், படத்துக்கு எதிரான கோஷ்டியிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தாராவியில் இப்படியெல்லாம் கிடையாது, எல்லாம் ஜோடனை என்று எழுதிக்கொண்டு வந்த தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். படத்தில் காட்டிய சாக்கடை நிஜம். கக்கூஸ் இல்லாதது நிஜம். பொய்யாக இருந்தது இரண்டு வரி. அந்த இரண்டு வரியைப் பற்றி மட்டும் நான் ஒரு கடிதம் எழுதி இரண்டு தரப்புப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினேன். இரண்டிலும் வரவில்லை.

பிறகு அந்தப் படத்தைப் பற்றியே அவருடைய இன்னொரு புத்தகம் வந்தது. அதில் மூன்று பக்கம் நான் வருகிறேன், பெயரில்லாமல். ஏழைகளைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளும், பட்டுப்புடவை கட்டிய ஒரு மாட்டுங்கா ஆசிரியை. வேலை போய்விடும் என்று பயந்து உண்மையை மாற்றச்சொல்லி அவர் வீட்டுக்கு வந்து அழுதவள். நான் அழவில்லை. பட்டுப்புடவையும் கட்டவில்லை. குழாயடியும் அதில் இருந்தது. ஆனால் அவர் எழுதியதில் அந்த அம்மாள் கேட்பது ரொட்டி. என் அப்பா அந்த மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அறுபதுகள் முடியும் சமயத்தில் குர்லா ஸ்டேஷனில் ஒரு இளம்பெண் என்னை நிறுத்தினாள். அவள்தான். விக்ரோலியில் ஒரு ஃபாக்டரியில் பாக்கிங் வேலை என்றாள். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது, அப்பாவுக்கு நெஞ்சில் சீக்கு. எனக்கு அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு அந்தச் சங்கடமே இல்லை.

“படத்துல நான் நல்லாத்தான் இருந்தேன் டீச்சர். அம்மாவுக்குத்தான் இன்னும் ஆறல” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, அந்தப் படத்திலிருந்து ஒரு போட்டோவாவது கிடைக்குமா என்று கேட்டாள். “சின்ன வயசு போட்டோ எனக்கு ஒண்ணுகூடக் கிடையாது. அவர ஒங்களுக்குத் தெரியும்லா.”

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். ஒரு போஸ்ட்கார்டு போட்டிருந்தால் போதும். செம்பூர் விலாசம் எனக்கு மனப்பாடம். இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். ஐயா என்று தொடங்க வேண்டும், தயவுசெய்து என்று கேட்க வேண்டும். என்னால் முடியவில்லை. ஒரு மாதம் கழித்து அதே பிளாட்பாரத்தில் அவள் எனக்காக ஒரு ரயிலை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள். அவரிடம் கேட்டேன், போட்டோ இல்லையென்று எழுதிவிட்டார் என்று அவளிடம் சொன்னேன். அவள் அதை நம்பினாள்.