நாற்பது நொடி

ஜப்பானின் வடக்கே, ஹகோதாதே நகரில் பனி கொட்டத் தொடங்கிவிட்டால் நடக்கப் போக வழியில்லை. பள்ளிச் சமையல்கூடத்தில் இருபத்தாறு வருடம் சூப் கிண்டிய மசுயோவுக்குச் சர்க்கரை ஏறியபோது, கூட வேலை பார்த்த கினுகோதான் அவளைக் கடைவீதியின் மூன்றாம் மாடியிலிருந்த விளையாட்டுக்கூடத்துக்கு இழுத்துப்போனாள்.

அங்கே ஓர் ஆட்ட இயந்திரம். திரையில் அம்புகள் ஏறிவரும். பாட்டின் தாளத்துக்கு, காலடியில் ஒளிரும் அதே அம்பை மிதிக்க வேண்டும். இருவருக்கு இரண்டு மேடைகள். இடப்பக்கம் கினுகோ.

"அரிசி மூட்டை மாதிரி நிக்காதடி, மிதி!"

"மூச்சு வாங்குதுடி!"

"வாங்கட்டும், அதுக்குத்தானே வந்தோம்!"

மூன்று வருடச் சனிக்கிழமைகளில் மசுயோ பதினொரு கிலோ இளைத்தாள். ஆனால் ஒருமுறைகூட கினுகோவை ஜெயித்ததில்லை.

அந்தப் பிப்ரவரி மதியம், பாட்டு பாதியில் இருக்கையில் திரையின் இடப்பாதியில் அம்புகள் மிதிபடாமலே போகத் தொடங்கின. தப்பு, தப்பு, தப்பு. ஒருவழியாகக் களைத்துவிட்டாள் என்று நினைத்த மசுயோ இன்னும் வேகமாக மிதித்தாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. பாட்டு முடிய நாற்பது நொடி இருந்தது. முடிந்ததும், "பாத்தியாடி!" என்று சிரித்தபடி திரும்பினாள். கினுகோ மேடைக்குப் பின்னாலிருந்த பிடிகம்பியில் கையைத் தொங்கவிட்டு, முழங்கால் மடங்கிக் கிடந்தாள்.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வீட்டில் இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்றும் சொன்னார்கள். நாற்பது நொடியைப் பற்றி மசுயோ யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அதன்பின் அது அவளை விடவில்லை. முட்டைக்கோஸ் நறுக்கும்போது இடப்பக்கம் தொம் தொம்மென்று காலடி கேட்கும். திரும்பினால் அடுக்கிவைத்த தட்டுகள். கண்ணை மூடினால் மிதிபடாத அம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப்போகும்.

கினுகோ வீட்டில் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போனபின், கணவாய் மீன் பிடிக்கும் படகில் வேலை பார்த்து ஓய்ந்த அவள் கணவர் தெய்ஜியிடம் மசுயோ அதைச் சொல்லிவிட்டாள்.

"விழுந்த சத்தம் கேக்கலையா?"

"பாட்டுச் சத்தத்துல கேக்கலங்க. ஆனா அவ மிதிக்கலன்னு தெரிஞ்சுது. நான்... சந்தோஷப்பட்டேன்."

அவர் ஊதுவத்திச் சாம்பலைத் தட்டிவிட்டார். "போயிடுங்க" என்றார். அவள் வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்தார். "அந்த எடத்த எனக்குக் காட்டணும்."

மறுநாளே போனார்கள். தெய்ஜி ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு இடமேடையில் ஏறினார்.

"இதுல அவ என்ன செய்வா?"

"மேல வர்ற அம்பப் பாத்து மிதிப்பா."

பாட்டு தொடங்கியது. அவர் மிதித்த இடமெல்லாம் தவறு. மசுயோ தன் மேடையில் ஏறியிருந்தும் காலை அசைக்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. அவர் முகத்தையும், கம்பியை இறுகப் பிடித்திருந்த அவர் கையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் தவறவே, பாதியிலேயே இயந்திரம் ஆட்டத்தை நிறுத்திவிட்டது.

"இவ்ளோதானா?" வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவ போடுங்க."

இப்போதும் அவர் சனிக்கிழமைகளில் வருகிறார். அதிகம் பேசுவதில்லை. முழங்கால் வலிக்கிறது என்று முனகுவார், அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுப்பார். பக்கத்தில் காலடி ஒரு நொடி தாமதித்தாலும் மசுயோ ஆட்டத்தை விட்டுத் திரும்பிவிடுகிறாள்.

"இருக்கேன், இருக்கேன். நீங்க ஆடுங்க" என்பார் தெய்ஜி, சற்று எரிச்சலாகவே.